இஃதிபார்: ஒளியின் பாதை சொல்லும் வரலாறு

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பது பள்ளிச் சிறாரும் அறிந்த செய்தி. ஓட்டு வீட்டின் கூரை இடுக்கில் நுழையும் வெயில், தூசி மிதக்கும் ஒரு நேர்கோடாகத் தரையில் வந்து விழுவதைக் காணாதார் இலர். ஆயினும் அந்த நேர்கோடு எந்த அளவுக்கு நேரானது என்ற வினாவுக்கு மாந்தர் ஓராயிரம் ஆண்டுகளாக விடை தேடி வந்திருக்கின்றனர். நீருக்குள் புகும்போது ஒளி முறிகிறது. கதிரவனின் அருகே கடக்கும்போது வளைகிறது. எங்கோ தொலைவில் இரு கருந்துளைகள் மோதி எழுப்பிய ஈர்ப்பலை குறுக்கிடும்போது, ஒளியின் பயணக் காலம் இம்மியளவு கூடியும் குறைந்தும் போகிறது. இவற்றுள் கடைசியாகச் சொன்னது, ஏறத்தாழ நூறாண்டு நீடித்த ஐயத்திற்குப் பின்னர், 2015ஆம் ஆண்டில்தான் நேரடியாக மெய்ப்பிக்கப்பட்டது.

இந்த வரலாற்றை நம் இதழின் பக்கங்களில் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. புதிய கண்டுபிடிப்பு ஒன்று வெளியானதும், 'இது நம் முன்னோர் என்றோ சொன்னது. இது நம் மறையில் அன்றே உள்ளது' என்று துண்டு வெளியீடுகள் வருவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. முன்னோரைப் போற்றுவது கடமை. ஆனால் அவர்களை எதன் பொருட்டுப் போற்றுவது? ஒளியின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது.

பஸராவின் அறிஞர்

ஹிஜ்ரி 354, அதாவது கி.பி. 965 அளவில், பஸரா நகரில் பிறந்தவர் அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைஸம். பிற்காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்து, 1040 அளவில் அங்கேயே மறைந்தார். ஐரோப்பியர் அவரை அல்ஹாஸன் என்று அழைத்தனர். ஏழு பாகங்கள் கொண்ட அவரது 'கிதாபுல் மனாழிர்' இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டுப் பல நூற்றாண்டுகள் பயிலப்பட்டது; 1572இல் பேசல் நகரில் அச்சேறியது. கெப்ளர் போன்ற பிற்கால வானியலார் எழுப்பிய ஒளியியல் மாளிகைக்கு அந்நூல் அடித்தளமாயிற்று.

கண்ணிலிருந்து ஏதோ ஒரு கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்று யூக்ளிடும் தாலமியும் கருதினர். இப்னுல் ஹைஸம் அதனை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதே பார்வை என்று நிறுவினார். ஒளியின் நேர்ச்செலவையும் அவர் வெறும் வாய்ச்சொல்லால் ஏற்கவில்லை. இருண்ட அறையின் வெளியே பல விளக்குகளை வரிசையாக வைத்து, சிறு துளை வழியே அவற்றின் ஒளியை உள்ளே விழச் செய்தார். ஒவ்வொரு விளக்குக்கும் எதிரே சுவரில் ஓர் ஒளிப்புள்ளி தோன்றியது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. ஒரே துளையில் புகுந்தும் ஒளிகள் ஒன்றோடொன்று கலக்கவில்லை. தத்தம் நேர்கோட்டில் சென்றன. அடர்ந்த ஊடகத்தில் ஒளி மெதுவாகச் செல்வதே அது முறிவதற்குக் காரணம் என்றும் அவர் எண்ணினார். ஒளிக்கு வேகம் உண்டு என்ற கருத்து அதில் அடங்கியிருக்கிறது.

இத்தகைய சோதனைக்கு அவர் இட்ட பெயரை நாம் கருத்தூன்றிக் காண வேண்டும். 'இஃதிபார்' என்பதே அப்பெயர். ஒன்றைக் கடந்து சென்று மற்றொன்றை அறிதல், ஒப்பிட்டுத் தேர்தல், படிப்பினை பெறுதல் என்று அச்சொல்லின் பொருள் விரியும். அரபு மதரஸாக்களில் ஓதியவர்கள் இதே சொல்லை வேறொரு கலையில் சந்தித்திருப்பர். ஹதீஸ் கலையில், ஒருவர் மட்டும் அறிவிக்கும் செய்தி கிடைத்தால், அதே செய்தி வேறு வழிகளிலும் வந்துள்ளதா, அவருக்குத் துணை நிற்கும் அறிவிப்பாளர் உண்டா என்று தேடி ஆராய்வதற்கும் இஃதிபார் என்றே பெயர். ஒரு துறை இன்னொன்றிடம் சொல்லைக் கடன் வாங்கியது என்று நான் கூற வரவில்லை. கேட்டதை அப்படியே ஏற்காமல் தேர்ந்து தெளியும் பண்பாட்டில் இரண்டும் வளர்ந்தன என்பதே கருத்து.

தாலமியின் நூல்களில் உள்ள முரண்களைத் தொகுத்து, 'அஷ்ஷுகூக்' எனத் தொடங்கும் பெயரில் இப்னுல் ஹைஸம் தனி நூலே எழுதினார். ஷுகூக் என்றால் ஐயங்கள். முன்னோர் எழுதியதை ஆராய்பவன் அதன் மீது ஐயம் கொள்ள வேண்டும். தன் மீதும் ஐயம் கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கை அவர் மீதும் செயல்பட்டது. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, அவருடைய நூலுக்கு விரிவுரை எழுதினார். நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை மழைத்துளியாகக் கொண்டு சோதித்து, வானவில் குறித்து இப்னுல் ஹைஸம் சொன்ன விளக்கத்தைத் திருத்தியும் அமைத்தார். உரை எழுதியவர் திருத்தவும் செய்தார் என்பது போற்றத்தக்கது.

வளைந்த கதிர்

நீரும் கண்ணாடியும் ஒளியைத் திருப்பும். வெற்றிடத்தில், எப்பொருளும் தொடாமலே, ஈர்ப்பு மட்டும் அதனைத் திருப்புமா? 1704இல் வெளிவந்த தம் ஒளியியல் நூலின் இறுதியில் நியூட்டன் இதனை வினாவாக எழுப்பினார். 1801இல் ஜெர்மானியரான ஸோல்ட்னர் கணக்கிட்டு, கதிரவனின் விளிம்பை உரசிச் செல்லும் ஒளி 0.84 விகலை வளையும் என்றார். 1915இல் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியல் கோட்பாட்டைக் கொண்டு, வளைவு அதைப்போல் இருமடங்கு, அதாவது 1.75 விகலை என்று கூறினார். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பொருள் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக விலகித் தெரியும் அளவே அது.

1919 மே 29இல் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. ஆங்கிலேய வானியலார் இரு குழுவாகப் பிரிந்தனர். எடிங்டன் ஆப்பிரிக்காவின் மேற்கேயுள்ள பிரின்சிப்பி தீவுக்குச் சென்றார்; மற்றொரு குழு பிரேசிலின் சோப்ரால் நகருக்குச் சென்றது. பிரின்சிப்பியில் மேகம் மறைத்தும் சில படங்கள் கிடைத்தன, அவை 1.61 விகலை காட்டின. சோப்ராலின் சிறந்த படங்கள் 1.98 காட்டின. அங்கிருந்த மற்றொரு தொலைநோக்கி வெப்பத்தால் குவியம் கெட்டு, குறைந்த அளவையே காட்டியது, அது ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியது சரியா என்ற வாதம் நீண்ட காலம் நடந்தது. 1922இல் ஆஸ்திரேலியாவில் காணப்பட்ட கிரகணமும், பின்னாளில் வானொலி அலைகளைக் கொண்டு செய்த நுட்பமான அளவீடுகளும் ஐன்ஸ்டைன் கூறியதையே உறுதி செய்தன. ஓர் அறிவிப்புக்கு வேறு வழிகளில் துணை கிடைத்தது.

அலை வரும்போது ஒளிக்கு நேர்வது என்ன?

கதிரவனின் ஈர்ப்பு நிலையானது. அசையும் ஈர்ப்பு எப்படி இருக்கும்? பெரும் பொருள்கள் ஒன்றையொன்று சுழன்றால், அண்டவெளியின் அளவுகளே அலையாக நடுங்கும் என்று 1916இல் ஐன்ஸ்டைன் எழுதினார். 1918இல் அதைத் திருத்தி மீண்டும் எழுதினார். 1936இல் அவரே மனம் மாறி, அத்தகைய அலைகள் இல்லை என்று ரோஸன் என்பாருடன் சேர்ந்து கட்டுரை எழுதி அமெரிக்க இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். பெயர் குறிப்பிடாத ஆய்வர் ஒருவர் அதில் பிழை கண்டு குறிப்பெழுத, ஐன்ஸ்டைன் சினந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றார். ஆனால் மறு ஆண்டு அது வேறோர் இதழில் வெளியானபோது முடிவு மாறியிருந்தது. அலைகள் உண்டு என்பதே புதிய முடிவு. பிழை கண்டவர் ராபர்ட்சன் என்பது பல்லாண்டு கழித்தே வெளிப்பட்டது. பெரியவர் சொன்னார் என்பது மட்டும் சான்றாகாது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இந்த அலை ஒளியை என்ன செய்கிறது? அலை வரும் திசைக்குக் குறுக்கே, ஒரு பக்கத்தில் தொலைவு நீளும். அதற்குச் செங்குத்தான பக்கத்தில் சுருங்கும். மறுகணம் நீண்டது சுருங்கும், சுருங்கியது நீளும். அவ்வழியே செல்லும் ஒளி ஒரு முறை சற்றுத் தாமதமாகவும் மறுமுறை சற்று முன்னதாகவும் வந்து சேரும். அலையின் திசையிலேயே அதனுடன் இணைந்து செல்லும் ஒளிக்கு எந்த மாற்றமும் நேராது.

விண்மீனின் ஒளி கோடானு கோடி ஆண்டுப் பயணத்தில் எத்தனையோ ஈர்ப்பலைகளைக் கடக்கிறதே, அதன் பாதை கோணலாகிச் சிதைந்து போகாதா என்ற ஐயம் எழுவது இயல்பு. தொலைவு கூடக்கூட வளைவும் சேர்ந்துகொண்டே போகும் என்று சிலர் எண்ணினர். 1990களில் செய்யப்பட்ட கணக்கீடுகள் அதனை மறுத்தன. ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே வேகத்தில் செல்வதாலும், அலையின் அசைவு குறுக்குவாட்டில் அமைவதாலும், வழியெங்கும் ஏற்படும் சிறு திருப்பங்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடுகின்றன. எஞ்சுவது அலையின் வலிமையளவேயான மிகச் சிறு தடுமாற்றம். ஆகவே நாம் காணும் விண்மீன்கள் ஆடாமல் அசையாமல் தம் இடத்தில் தெரிகின்றன. பாதையின் வளைவைவிடப் பயணத்தின் காலமே அளக்க எளிதாயிற்று.

நேர்மையாளரின் தனி அறிவிப்பு

முதலில் அளக்க முனைந்தவர் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்து ஜோசப் வெபர். அவர் ஒளியை நாடவில்லை; பெரும் அலுமினிய உருளைகளைத் தொங்கவிட்டார். ஈர்ப்பலை வந்து தாக்கினால் அவை மணிபோல் அதிரும் என்பது அவர் எண்ணம். 1969இல், மேரிலாந்திலும் சிகாகோ அருகிலும் வைத்த உருளைகள் ஒரே நேரத்தில் அதிர்ந்தன என்று அறிவித்தார். உலகம் வியந்தது. பல நாடுகளில் அதே போன்ற, அதனினும் நுட்பமான கருவிகளைச் செய்து பார்த்தனர். ஒருவருக்கும் அந்த அதிர்வு கிட்டவில்லை.

வெபர் பொய்யர் அல்லர், உழைப்பாளி, நேர்மையாளர். ஹதீஸ் கலையில் 'ஷாத்' என்றொரு வகை உண்டு. நம்பத்தகுந்த அறிவிப்பாளரே அறிவிக்கிறார். ஆயினும் அவரினும் வலுவானவர்களின் அறிவிப்புக்கு அது முரண்படுகிறது. அப்போது அறிவிப்பாளரின் மதிப்புக் குறையாமலே அறிவிப்பு ஒதுக்கப்படும். வெபருக்கு நேர்ந்தது அதுவே. 2000இல் இறக்கும் வரை அவர் தம் கூற்றைக் கைவிடவில்லை. எனினும் இத்துறையைத் தொடங்கி வைத்த முன்னோடி என்று பின்வந்தோர் அவரை இன்றளவும் மதிக்கின்றனர்.

இதற்கிடையில் மறைமுகச் சான்று ஒன்று கிடைத்தது. 1974இல் ஹல்ஸ், டெய்லர் என்ற இருவர், ஒன்றையொன்று சுற்றும் இரு நியூட்ரான் விண்மீன்களைக் கண்டனர். அவை சுற்றும் காலம் ஏறத்தாழ 7 மணி 45 நிமிடம். ஆண்டுதோறும் அக்காலம் குறைந்து வந்தது. ஈர்ப்பலை ஆற்றலைக் கொண்டுபோனால் எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவே குறைந்தது. 1993இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரு சாட்சிகள்

ஒளியையே அளவுகோலாகக் கொள்ளும் வழியை 1962இல் இரு ரஷ்ய அறிஞர்கள் எழுதினர். 1972இல் அமெரிக்காவின் ரெய்னர் வைஸ் அதனை விரிவாக வகுத்தார். ஒரு லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, செங்குத்தான இரு நீண்ட குழாய்களில் அனுப்பி, கண்ணாடிகளில் பட்டுத் திரும்பச் செய்து மீண்டும் சேர்ப்பது. இரு பாதைகளும் சமமாயின் ஒளியும் ஒளியும் சேர்ந்து இருள் உண்டாகுமாறு அமைக்கலாம். ஈர்ப்பலை ஒரு பாதையை நீட்டி மற்றொன்றைச் சுருக்கினால், ஒளி முன்பின்னாகத் திரும்பி வந்து, இருண்ட இடத்தில் சிறு வெளிச்சம் கசியும். வெளியே நீளும்போது அதிலுள்ள ஒளியும் நீளுமே, பிறகு எப்படி அளப்பது என்று கேட்கலாம். ஒளி ஒரு கணமும் தங்குவதில்லை. புதிது புதிதாகப் புகுந்து வெளியேறுகிறது. அளக்கப்படுவது அது திரும்பி வந்து சேரும் காலமே.

லைகோ எனப்படும் இக்கருவி, அமெரிக்காவின் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் இடைவெளியில், 4 கிலோமீட்டர் நீளக் கரங்களுடன் அமைந்தது. ஏன் இரண்டு? சாலையில் ஓடும் வண்டியும் மரம் விழுவதும் கூடக் கருவியை அசைக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு சாட்சிகள் ஒரே செய்தியைச் சொன்னால்தான் அதை ஏற்க முடியும்.

ஆய்வாளர்கள் தம்மைத்தாமே சோதித்துக்கொண்ட விதம் இன்னும் வியப்புக்குரியது. 2010 செப்டம்பரில் கருவிகளில் ஈர்ப்பலை போன்ற ஓர் அறிகுறி தோன்றியது. பல மாதங்கள் ஆராய்ந்து, கட்டுரையும் எழுதி முடித்தனர். 2011 மார்ச்சில், கூடியிருந்த அவையில் மூடிய உறை திறக்கப்பட்டது. அந்த அறிகுறி, குழுவினரின் திறனைச் சோதிக்கத் தம்மவர் சிலரே மறைவாக உட்புகுத்திய போலி என்பது தெரிந்தது! இதனைப் படிக்கையில் இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பக்தாதுக்கு வந்த நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் இராது. அந்நகரத்து அறிஞர்கள் நூறு ஹதீஸ்களின் அறிவிப்பாளர் வரிசைகளை மாற்றிக் கலந்து, பத்துப் பேரிடம் பத்துப் பத்தாகக் கொடுத்து அவையில் கேட்கச் செய்தனர். இமாமவர்கள் ஒவ்வொன்றையும் 'அறியேன்' என்றே மறுத்து, பின்னர் நூறையும் உரிய வரிசையுடன் சரிப்படுத்திச் சொன்னார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். உண்மையைக் காப்போர் சோதனைக்கு அஞ்சுவதில்லை.

2015 செப்டம்பர் 14ஆம் நாள் உண்மையான அலை வந்தது. முதலில் லிவிங்ஸ்டன், நொடியில் ஆயிரத்தில் ஏழு பங்கு கழித்து ஹான்ஃபோர்ட். கதிரவனைப்போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரு கருந்துளைகள், 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் ஒன்றாகிய செய்தி அது. 4 கிலோமீட்டர் நீளம் மாறிய அளவு, ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூற்றில் ஒரு பங்கு. ஐந்து மாதம் ஆராய்ந்து, 2016 பிப்ரவரி 11இல்தான் உலகுக்கு அறிவித்தனர். 2017இல் வைஸ், பாரிஷ், தோர்ன் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 17இல் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை வந்து, 1.7 நொடிக்குப்பின் காமாக் கதிர்களும் வந்தன. 13 கோடி ஆண்டு பயணம் செய்தும் இரண்டும் இவ்வளவே முன்பின்னாக வந்ததால், ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே வேகத்தில் செல்வது உறுதியாயிற்று.

தூசி மறைத்த குறை

இவ்வரலாற்றில் மனத்தில் பதிக்க வேண்டிய தோல்வியும் உண்டு. அண்டத்தின் இளம்பருவத்திலிருந்து வரும் மிகப் பழைய கதிர்வீச்சு வானெங்கும் நிறைந்துள்ளது. தொடக்க கால ஈர்ப்பலைகள் அக்கதிர்வீச்சின் அதிர்வுத் திசையில் சுழல் போன்றதொரு தடத்தைப் பதித்திருக்கும் என்பது எதிர்பார்ப்பு. தென்துருவத்தில் அமைந்த பைசெப்-2 தொலைநோக்கி அத்தடத்தைக் கண்டுவிட்டதாக 2014 மார்ச் 17இல் அறிவிக்கப்பட்டது. உலகெங்கும் கொண்டாட்டம். ஆனால் நம் பால்வெளி மண்டலத்தின் தூசியும் அதே போன்ற தடத்தை உண்டாக்கும். ஐரோப்பிய பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகளுடன் ஒப்பிட்ட பின், 2015 தொடக்கத்தில், கண்டதைத் தூசியைக் கொண்டே விளக்கலாம் என்று இரு குழுவினரும் சேர்ந்தே எழுதினர்.

வெளித்தோற்றத்தில் குறையேதும் இல்லாத அறிவிப்பில் ஆழ்ந்து மறைந்திருக்கும் குறைக்கு ஹதீஸ் கலையார் 'இல்லத்' என்று பெயரிட்டனர். எல்லா வழிகளையும் ஒன்றுகூட்டி ஒப்பிட்டால் அன்றி அது வெளிப்படாது என்றும் கூறினர். இங்கும் வழிகளை ஒன்றுகூட்டிய பின்னரே தூசி தெரிந்தது.

அந்தப் பத்து மாதங்களில் எவரேனும் மறைவசனம் ஒன்றை எடுத்து அந்த அறிவிப்போடு முடிச்சிட்டிருந்தால், அறிவிப்பு வீழ்ந்தபோது அவர் எதைக் கொண்டு ஈடு செய்திருப்பார்? இறைமறை நேர்வழி காட்ட வந்தது. அன்றாடம் திருத்தப்படும் ஆய்வு முடிவுகளின் முதுகில் அதனை ஏற்றிவிடுவது மறைக்குச் செய்யும் சிறப்பாகாது. ஆய்வுக்குச் செய்யும் உதவியும் ஆகாது.

விண்ணில் அமைந்த கடிகாரங்கள்

சில நியூட்ரான் விண்மீன்கள் கலங்கரை விளக்கம்போல் சுழன்று, தவறாத கால ஒழுங்கில் வானொலித் துடிப்புகளை அனுப்புகின்றன. அவற்றைத் துடிவிண்மீன் என்பர். பெரும் ஈர்ப்பலை நமக்கும் அவற்றுக்கும் இடையே கடந்தால், துடிப்புகள் நொடியில் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் முந்தியும் பிந்தியும் வரும். ஒரு விண்மீன் பிந்தினால் அது அதன் சொந்தக் கோளாறாகலாம். பலவும், வானில் அவற்றுக்கிடையே உள்ள கோணத்திற்கேற்ப ஒரு குறித்த முறையில் இணைந்து பிந்தினால், அது அலையின் கைவண்ணம். அம்முறையை 1983இல் ஹெலிங்ஸ், டவுன்ஸ் என்ற இருவர் கணித்தனர்.

நாற்பது ஆண்டு கழித்து, 2023 ஜூன் இறுதியில், அமெரிக்க, ஐரோப்பிய, ஆஸ்திரேலிய, சீனக் குழுக்கள் ஒரே வேளையில் அந்த இணைப்பின் அடையாளத்தை வெளியிட்டன. அமெரிக்கக் குழு 15 ஆண்டுகளாக 67 விண்மீன்களின் துடிப்புகளை எண்ணியிருந்தது. ஐரோப்பியருடன் நம் நாட்டவரும் பங்கு கொண்டனர். புனே அருகில் உள்ள, 30 வட்டில்கள் கொண்ட மாபெரும் வானொலித் தொலைநோக்கி திரட்டிய செய்திகள் அதில் சேர்ந்தன. ஓர் அலை எழுந்து அடங்கவே பல ஆண்டுகள் ஆகும் நெடிய அலைகள் இவை. பெருங்கருந்துளை இணைகள் எழுப்பியனவாக இருக்கலாம் என்பது பெரும்பான்மைக் கருத்து. அந்நிலையிலும் அக்குழுக்கள் 'கண்டுபிடித்தோம்' என்று எழுதவில்லை. 'சான்று கிடைத்துள்ளது' என்றே எழுதின. அறிவிப்புகளை அவற்றின் வலிமைக்கேற்பத் தரம் பிரித்த மரபில் வந்த நமக்கு, இந்தச் சொல்லடக்கத்தின் அருமை நன்கு விளங்கும்.

நமக்குரிய பங்கு

இப்னுல் ஹைஸம் ஈர்ப்பலையை அறிந்தவர் அல்லர். அறிந்தார் என்று எழுதுவது அவர் மீது பொய்யுரைப்பதாகும். அவர் அறிந்தது வேறு. விளக்கை மறைத்துப் பார்; புள்ளி மறைகிறதா என்று கவனி; முன்னவர் சொன்னதை ஐயுறு; உன்னையும் ஐயுறு. அந்த வழி கெய்ரோவின் இருண்ட அறையிலிருந்து லிவிங்ஸ்டனின் நான்கு கிலோமீட்டர் குழாய் வரை அறுபடாமல் நீள்கிறது. இரு இடத்திலும் இருளில் தோன்றும் ஒரு சிறு வெளிச்சமே சாட்சி சொல்கிறது.

நம் பிள்ளைகளிடம், 'எல்லாவற்றையும் நம்மவர் முன்பே சொல்லிவிட்டார்கள்' என்று கற்பித்தால் அவர்கள் பெருமிதம் கொள்வர். புத்தகத்தை மூடிவைத்து உறங்கியும் போவர். 'நம்மவர் இவ்வாறு சோதித்தார்கள், இவ்வாறு திருத்தினார்கள், தாமும் திருத்தப்பட்டார்கள்' என்று கற்பித்தால், அவர்களுள் ஒருவரேனும் எழுந்து சென்று துளை வழியே விழும் ஒளியை அளந்து பார்ப்பார். முன்னோர் விட்டுச் சென்ற சொத்தில் நமக்குரிய பங்கு இஃதிபார் என்னும் அந்தப் பழக்கமே. வல்ல அல்லாஹ் அதனைப் பேணும் பேற்றை நமக்கு அருள்வானாக.